வாத்து நொண்டினால்: காரணம் தேடுவதிலிருந்து குணமாகும் வரை

காலையில் கூண்டைத் திறக்கிறீர்கள். மற்ற வாத்துகள் தண்ணீரைப் பார்த்து ஓடுகின்றன. ஒன்று மட்டும் நாலு அடி வைத்து, இறக்கையை விரித்துத் தடுமாறி, அங்கேயே உட்கார்ந்துவிடுகிறது.

இந்த இடத்தில் பலர் கைக்குக் கிடைத்த ஏதாவது மருந்தைக் கொடுத்துப் பார்க்கிறார்கள். அதைத்தான் தள்ளிப்போடச் சொல்கிறேன். பாதத்தில் குத்திய முள், சுளுக்கு, சத்துக் குறைவு, வயிற்றில் சிக்கிய முட்டை, விஷம் எல்லாமே வெளியே பார்க்க ஒரே நொண்டலாகத்தான் இருக்கும். ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் இன்னொன்றைக் கெடுத்துவிடும். சுளுக்குதானே என்று நீந்த விடுவீர்கள். உள்ளே எலும்பு முறிந்திருந்தால் முறிவு விலகிப் போகும். ஆகவே முதலில் கண்ணால் பாருங்கள், பிறகு கையால் தடவிப் பாருங்கள், அப்புறம் வைத்தியம். இந்த வரிசையில் போனால் பெரும்பாலும் அன்று மாலைக்குள் காரணம் பிடிபட்டுவிடும்.

1. காத்திருக்கக் கூடாத நிலைகள்

வீட்டு வைத்தியத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன் இவற்றைப் பார்த்துவிடுங்கள். எலும்பு வெளியே தெரிகிறது, அல்லது கால் தொங்கி ஆடுகிறது. இரண்டு காலும் ஒரே நேரத்தில் செயலிழந்துவிட்டன. கழுத்தைத் தூக்க முடியவில்லை. வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறது. பெட்டை வாத்து முக்கிக்கொண்டே இருக்கிறது, முட்டை வரவில்லை. ஒரு வேளைக்கு மேல் தீனியும் தண்ணீரும் தொடவில்லை.

இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். பறவைகளைப் பார்த்துப் பழகிய மருத்துவர் என்றால் இன்னும் நல்லது. வாத்து தன் நோயை முடிந்தவரை மறைக்கும் பிராணி. மற்ற மிருகங்களுக்கு இரையாகும் எல்லாப் பறவைகளும் அப்படித்தான். நம் கண்ணுக்கு நோய் தெரியும்போது அது கொஞ்ச நாளாகவே நடந்துகொண்டிருக்கும்.

கூட்டத்தில் ஒரே நாளில் இரண்டு மூன்று வாத்துகள் தள்ளாடினாலோ, திடீரென்று செத்தாலோ அது சுளுக்கு அல்ல. விஷமோ தொற்றோதான். வெறும் கையால் தொடாதீர்கள், மற்றவற்றைப் பிரித்து வையுங்கள், கால்நடைத் துறைக்குச் சொல்லுங்கள். பறவைக் காய்ச்சலும் இப்படி நரம்புக் கோளாறாக வெளிப்படலாம்.

2. பிடிப்பதற்கு முன் எடுத்து வைக்க வேண்டியவை

வாத்தை மடியில் வைத்துக்கொண்டு பொருள் தேடக் கூடாது. ஒவ்வொரு முறை விட்டுப் பிடிக்கும்போதும் அடிபட்ட கால் இன்னும் அடிபடும். பெரிய துண்டு ஒன்று, வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிய தொட்டி, டார்ச், மென்மையான பல் துலக்கும் பிரஷ், கையுறை, எடை பார்க்கும் தராசு, பொவிடோன் அயோடின் கரைசல், புண்ணில் ஒட்டாத காஸ் துணி, தன் மேலேயே ஒட்டிக்கொள்ளும் கட்டுத்துணி. இவை போதும்.

தராசை ஏன் சொல்கிறேன் என்றால், மருத்துவர் முதலில் கேட்பது எடையைத்தான். மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது. தினமும் எடை பார்த்துக் குறித்து வைத்தால், வாத்து தீனி எடுக்கிறதா என்பதை வேறு எதையும்விட அது நம்பகமாகச் சொல்லும்.

3. தூரத்தில் நின்று பாருங்கள்

பிடித்துவிட்டால் நடையைப் பார்க்க முடியாது. அதனால் பத்து நிமிடம் தள்ளி நின்று நடக்க விடுங்கள். கைப்பேசியில் பின்பக்கமிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் வீடியோ எடுங்கள். மருத்துவமனை மேசையில் பயந்து உட்கார்ந்திருக்கும் வாத்து நடந்து காட்டாது; அங்கே இந்த வீடியோதான் கைகொடுக்கும்.

எந்தக் கால் என்பதிலேயே புதியவர்கள் தவறிவிடுகிறார்கள். உடம்பு பொத்தென்று எந்தப் பக்கம் இறங்குகிறதோ அந்தக் காலைக் குறை சொல்வார்கள். உண்மையில் அதுதான் நல்ல கால். வலிக்கும் காலைத் தரையில் பட்டதும் படாததுமாக எடுத்துவிட்டு, எடை முழுவதையும் நல்ல காலில் போடுகிறது. தரையில் குறைந்த நேரம் நிற்கும் காலைத் தேடுங்கள். வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்த்தால் சந்தேகமே இருக்காது.

கூடவே கவனிக்க வேண்டியது: நொண்டல் திடீரென்று வந்ததா, சில நாளாகக் கூடிக்கொண்டே வந்ததா? திடீரென்று வந்தால் அடியோ சுளுக்கோ இருக்கலாம். மெல்ல வந்தால் பாதப்புண், சத்துக் குறைவு, மூட்டு நோய். ஒரு காலா, இரண்டா? இரண்டு காலும் பலவீனம் என்றால் காலை விட்டு உடம்புக்குள் தேட வேண்டும். எச்சத்தின் நிறத்தையும் பாருங்கள்.

4. தூக்கும் முறை

காலையோ இறக்கையையோ பிடித்து வாத்தைத் தூக்கவே கூடாது. உடம்பின் எடைக்கு வாத்தின் கால்கள் மெலிந்தவை. கோழியைப் போலக் காலைப் பிடித்துத் தூக்கியதாலேயே மூட்டு விலகிய வாத்துகள் உண்டு. துரத்தவும் வேண்டாம். ஒரு மூலைக்கு மெதுவாக ஒதுக்கி, மேலிருந்து இரண்டு இறக்கைகளையும் உடம்போடு சேர்த்து அணைத்து, ஒரு கையை வயிற்றுக்குக் கீழே கொடுத்துத் தூக்குங்கள்.

உட்கார்ந்து, துண்டில் சுற்றி, தலை உங்கள் அக்குளுக்கு அடியில் இருக்கும்படி வைத்துக்கொண்டால் அமைதியாகிவிடும். நெஞ்சை அழுத்திப் பிடிக்காதீர்கள். பறவைக்கு நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சு விட முடியும். அதே காரணத்தால் மல்லாக்கப் போட்டும் அதிக நேரம் வைத்திருக்கக் கூடாது.

5. பாதத்தைக் கழுவி, கீழிருந்து மேலே தடவுங்கள்

இந்த முழு வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

எங்கள் வீட்டுப் பெட்டை ஒன்று நொண்டியபோது, வளர்கிற வயது, சத்துக் குறைவுதான் என்று முடிவு செய்து ஐந்து நாள் வைட்டமின் கொடுத்தேன். பாதத்தைத் திருப்பியும் பார்த்தேன். சேறு காய்ந்து சாம்பல் நிறத்தில் இருந்தது, வேறொன்றும் தெரியவில்லை. ஆறாம் நாள் தொட்டியில் நிறுத்தி, பிரஷ்ஷால் மெல்லத் தேய்த்தேன். சேறு கரைந்து ஆரஞ்சு நிறத் தோல் வெளியே வந்தது. நடுப்பாதத்தில் ஒரு மிளகு அளவுக்குக் கறுப்புப் பொருக்கு. அதைச் சுற்றித் தோல் பளபளவென்று இழுத்துக்கொண்டு நின்றது. விரலை வைத்தால் அந்த இடம் மட்டும் சூடு. ஐந்து நாளும் அது அங்கேயேதான் இருந்திருக்கிறது. அன்றிலிருந்து கழுவாத பாதத்தைப் பார்த்ததாக நான் கணக்கில் வைப்பதில்லை.

கழுவித் துடைத்த பிறகு டார்ச் வெளிச்சத்தில் அடிப்பாதம், ஒவ்வொரு விரலின் அடிப்பக்கம், விரல்களுக்கு இடையிலுள்ள சவ்வு, நகம் என்று வரிசையாகப் பாருங்கள். முள், கண்ணாடித் துண்டு, கிழிசல் இருக்கலாம். விரலைச் சுற்றி நூலோ தலைமுடியோ இறுகியிருக்கலாம். அது தோலுக்குள் புதைந்து போனால் வெறும் கோடு மாதிரிதான் தெரியும்.

அடுத்து கணுக்கால். பின்பக்கமாக மடங்குகிற மூட்டைப் பலர் முழங்கால் என்று நினைக்கிறார்கள். அது கணுக்கால். உண்மையான முழங்கால் வயிற்றோடு ஒட்டி இறகுக்குள் மறைந்திருக்கும். கணுக்காலை இரண்டு விரலால் பிடித்து மெல்ல மடக்கி நீட்டுங்கள். மேலே தொடை, இடுப்பு வரை எலும்பின் மேல் விரலை ஓட்டுங்கள்.

நல்ல காலை முதலில் தடவி, பிறகு நொண்டும் காலுக்கு வாருங்கள். வீக்கமா இல்லையா, சூடா இல்லையா என்பது ஒப்பிட்டுப் பார்த்தால்தான் தெரியும். வாத்தின் உடல் சூடே 41 டிகிரி செல்சியஸுக்கு மேல். ஒரு காலை மட்டும் தொட்டால் எல்லாமே காய்ச்சலாகத்தான் தோன்றும்.

6. எந்தக் காரணமானாலும் ஓய்வுக் கூண்டு

வைத்தியத்தைத் தொடங்குமுன் வாத்தை ஒரு சின்ன இடத்தில் அடைத்துவிடுங்கள். நின்று திரும்ப இடம் இருந்தால் போதும், ஓட இடம் கூடாது. வெளியே விட்டால் கூட்டத்தோடு சேரத் துடித்து, வலியையும் மீறி நடக்கும்.

தரையில் மரச்சுருளோ துண்டோ தடிமனாகப் பரப்பி, ஈரமானதும் மாற்றுங்கள். தீனியும் தண்ணீரும் உட்கார்ந்தபடியே எட்ட வேண்டும். தண்ணீர்ப் பாத்திரம் மூக்குத் துவாரம் முழுகும் அளவு ஆழமாக இருக்கட்டும். வாத்து தண்ணீரோடு சேர்த்துத்தான் தீனியை விழுங்கும். கண்ணையும் மூக்கையும் அதில்தான் கழுவிக்கொள்ளும்.

கூட்டத்தின் பார்வை படும் இடத்தில் கூண்டை வையுங்கள். தனியாக வைத்த வாத்து கத்திக் கத்தி ஓய்ந்து, தீனி எடுப்பதையே நிறுத்திவிடுவதுண்டு. சாதுவான ஒரு துணையைக் கூட விட்டால் இன்னும் நல்லது. ஆண் வாத்து வேண்டாம். ஓயாமல் மேலேறும் ஆண் வாத்துதான் பல பெட்டைகளின் காலைச் சுளுக்க வைக்கிறது.

7. அடிப்பாதத்தில் பொருக்கோ வீக்கமோ இருந்தால்

இது பாதப்புண். பம்பிள்ஃபுட் என்பார்கள். கரடுமுரடான தரை, ஈரமான படுக்கை, அதிக எடை, உயரத்திலிருந்து குதிப்பது ஆகியவற்றால் தோலில் சின்ன வெடிப்பு விழும். அதன் வழியே பெரும்பாலும் ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியா உள்ளே போய்விடும்.

இதில் நடக்கும் பெரிய தவறு, புண்ணைப் பிதுக்குவது. மனிதருக்கு வருவதுபோலப் பறவைக்குச் சீழ் நீராக இருக்காது. கெட்டியாக, பாலாடைக் கட்டி மாதிரி உறைந்திருக்கும். பிதுக்கினால் வெளியே வராது, ஆழமாகப் போகும். பக்கத்திலேயே எலும்பும் தசைநாரும் இருக்கின்றன.

வீக்கமில்லாமல் சிவப்பு, தடிப்பு, அல்லது சின்னப் பொருக்கு மட்டும் இருந்தால் வீட்டிலேயே பார்க்கலாம். தினமும் ஒரு முறை வெதுவெதுப்பான நீரில் எப்சம் உப்பைக் கரைத்து, பாதம் முழுகும் அளவில் 15 நிமிடம் நிறுத்துங்கள். அந்தத் தண்ணீரைக் குடிக்க விடாதீர்கள், பேதியாகும். முன்கூட்டியே நல்ல தண்ணீர் குடிக்க வைத்துவிட்டு நிறுத்தினால் தொந்தரவு குறையும்.

நன்றாகத் துடைத்துவிட்டு, பொவிடோன் அயோடினை வெளிறிய தேநீர் நிறம் வரும்வரை தண்ணீரில் கலந்து தடவுங்கள். பொருக்கு ஊறித் தானாகக் கழன்றால் சரி. நகத்தால் பிய்க்க வேண்டாம். ஹைட்ரஜன் பெராக்சைடைத் தினமும் ஊற்றுவதும் கூடாது. புதிதாக வளரும் திசுவையும் அது அரித்துவிடும்.

அப்புறம் கட்டு. ஒட்டாத காஸ் துணியைப் புண்ணின் மேல் வைத்து, கட்டுத்துணியை விரல்களுக்கு இடையே கொண்டுவந்து, காலைச் சுற்றி எட்டு வடிவில் இரண்டு மூன்று சுற்று. கட்டுத்துணியை இழுத்துச் சுற்றாதீர்கள். ஒரு மணி நேரம் கழித்து விரல்களைத் தொட்டுப் பாருங்கள்; வீங்கியோ, மற்றக் காலைவிடக் குளிர்ந்தோ இருந்தால் அவிழ்த்துத் தளர்வாகக் கட்டுங்கள். கட்டு நனைந்தால் உடனே மாற்ற வேண்டும், ஈரக் கட்டு புண்ணை ஊற வைத்துப் பெரிதாக்கும். ஆறுவதற்குச் சில வாரங்கள்கூட ஆகலாம். நாலு நாளில் நடை நன்றாகிவிட்டது என்று நிறுத்தியவர்கள் அடுத்த மாதம் மறுபடி அதே புண்ணோடு நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

பாதம் வீங்கிச் சூடாக இருந்தால், விரல்களோ கணுக்காலோ சேர்ந்து வீங்கினால், ஒரு வாரத்தில் மாற்றம் தெரியாவிட்டால் மருத்துவர்தான். எலும்புக்குத் தொற்று போய்விட்டதா என்று எக்ஸ்ரே எடுக்க வேண்டியிருக்கும். சீழ்க்கட்டியை மரத்துப்போக வைத்துத்தான் வெட்டி எடுக்க வேண்டும். அதை வீட்டில் பிளேடால் செய்யாதீர்கள்.

8. வளரும் வாத்து, கால் வளைகிறது: நியாசின்

கோழிக்குஞ்சைவிட வாத்துக்குஞ்சுக்கு நியாசின், அதாவது வைட்டமின் பி3, அதிகம் வேண்டும். உணவிலிருந்து அதைத் தானே தயாரித்துக்கொள்ளும் திறன் வாத்துக்குக் குறைவு. ஒரு கிலோ தீனியில் சுமார் 55 மில்லிகிராம் இருக்க வேண்டும். கோழிக்காகத் தயாரித்த தீனியில் பெரும்பாலும் இந்த அளவு இருக்காது. பெரிய உடம்புள்ள, வேகமாக வளரும் இனங்களில் குறை சீக்கிரம் தெரியும்.

அறிகுறி இதுதான்: புண் இல்லை, அடிபடவில்லை. கணுக்கால் இரண்டும் பருத்திருக்கின்றன. கால் வில்லாக வளைகிறது. கொஞ்சம் நடந்து, கணுக்காலை மடித்து அதன் மேலேயே உட்கார்ந்துகொள்கிறது.

காரணம் உறுதியாவதற்கு முன்பே கொடுக்கத் தொடங்கலாம் என்று நான் சொல்வது இது ஒன்றைத்தான். தண்ணீரில் கரையும் வைட்டமின் என்பதால், சொன்ன அளவில் மிச்சமானது வெளியேறிவிடும். தாமதித்தாலோ வளைந்த எலும்பு நிமிராது. ஒரு கப் தீனிக்கு ஒரு மேசைக்கரண்டி ப்ரூயர்ஸ் ஈஸ்ட், அதாவது சத்துக்காக விற்கும் உயிரற்ற ஈஸ்ட் பொடி, கலந்து கொடுங்கள். ரொட்டி புளிக்க வைக்கும் உயிருள்ள ஈஸ்ட் வேறு, அது கூடாது. குஞ்சு ஏற்கெனவே நொண்டினால், சாதாரண நியாசின் மாத்திரையைப் பொடித்து ஒரு லிட்டர் குடிநீருக்கு சுமார் 30 மில்லிகிராம் வீதம் கலந்து, தினமும் புதிதாக வையுங்கள். மெதுவாகக் கரையும் வகை மாத்திரையை வாங்காதீர்கள். ஆரம்ப நிலையில் இருந்தால் சில நாளில் நடை மாறத் தொடங்கும்.

எலும்புக்கு நல்லது என்று முட்டையிடும் கோழிக்கான தீனியைக் குஞ்சுக்குக் கொடுப்பவர்கள் உண்டு. அதிலுள்ள மிகுதியான கால்சியம் வளரும் குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

குஞ்சுகளில் இன்னும் இரண்டு உண்டு. பொரித்த முதல் நாட்களில் கால்கள் பக்கவாட்டில் விரிந்துபோனால், வழுக்கும் தரைதான் காரணம். செய்தித்தாளை எடுத்துவிட்டுச் சொரசொரப்பான துண்டைப் போடுங்கள். மென்மையான ஒட்டுப் பட்டையால் இரண்டு காலையும் இயல்பான இடைவெளியில் இணைத்து, தினமும் அவிழ்த்துப் பார்த்துச் சில நாள் வைத்தால் சரியாகிவிடும். இன்னொன்று, கணுக்காலுக்குப் பின்னாலுள்ள தசைநார் நழுவி, ஒரு கால் முறுக்கிக்கொண்டு வெளியே திரும்புவது. அதற்கு வைட்டமின் கொடுத்துக் காத்திருக்காதீர்கள். அன்றே மருத்துவர் பார்த்தால் திரும்ப இருத்த வாய்ப்புண்டு. நாளானால் தசைநார் சுருங்கிவிடும்.

9. புண்ணில்லை, வளைவில்லை: சுளுக்கும் மூட்டும்

திடீரென்று வந்த நொண்டல், லேசான வீக்கம், ஆனால் காலை ஊன்ற முயல்கிறது, நன்றாகத் தின்கிறது என்றால் சுளுக்காகத்தான் இருக்கும். ஓய்வுக் கூண்டுதான் இதற்கு வைத்தியம், ஒரு வாரம். முதல் இரண்டு மூன்று நாள் முழு ஓய்வு. அதன்பின் தரையில் கால் எட்டாத ஆழத்தில், வெதுவெதுப்பான நீரில் தினமும் 5 முதல் 10 நிமிடம் மிதக்க விடலாம். உடம்பு எடையைத் தண்ணீர் தாங்கிக்கொள்வதால் வலியில்லாமல் தசை இயங்கும். கூடவே நில்லுங்கள். நாள்கணக்கில் உட்கார்ந்தே இருந்த வாத்து இறகைக் கோதி எண்ணெய் பூசியிருக்காது, சீக்கிரம் நனைந்து நடுங்கும்.

கணுக்கால் சூடாக, பந்துபோல வீங்கியிருந்தால் மூட்டுக்குள் தொற்றோ யூரிக் அமிலப் படிவோ இருக்கலாம். இரண்டுக்கும் மருந்து வேறு, வெளியிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது. மருத்துவர் பார்க்க வேண்டும்.

வலி தாங்காமல் துடிக்கிறதே என்று மனிதருக்கான வலி மாத்திரையை உடைத்துக் கொடுக்காதீர்கள். வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக்கும் வேண்டாம். பறவைக்குப் பொருந்தும் மெலாக்ஸிகாம் போன்ற மருந்துகளை மருத்துவர் எடை பார்த்து எழுதுவார். முட்டையை எத்தனை நாள் சாப்பிடக் கூடாது என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

10. கால் நன்றாக இருக்கிறது, நிற்கத்தான் முடியவில்லை

காரணம் உடம்புக்குள் இருக்கிறது.

பெட்டை என்றால் முதலில் முட்டை. கூட்டுக்குள் போய்ப் போய் வருவது, வாலை ஆட்டி முக்குவது, காலை அகட்டி நிமிர்ந்து நிற்பது, அடிவயிறு கெட்டியாக இருப்பது. சிக்கிய முட்டை இடுப்பு நரம்பை அழுத்துவதால் கால் வலுவிழக்கிறது. மருத்துவரிடம் கிளம்பும்வரை, அடிவயிறு முழுகும் அளவு வெதுவெதுப்பான நீரில் 20 நிமிடம் உட்கார வைத்து, இருட்டான அமைதியான இடத்தில் வையுங்கள். வயிற்றை அமுக்கவோ உள்ளேயே முட்டையை உடைக்கவோ முயல வேண்டாம்.

தேங்கிய நீரும் செத்து அழுகிய பிராணிகளும் புழுவும் உள்ள இடத்தில் மேய்ந்த வாத்துக்கு, முதலில் கால், பிறகு இறக்கை, கடைசியில் கழுத்து என்று துவண்டுபோனால் அது பாட்டுலிசம் என்ற நஞ்சு. எல்லா வாத்துகளையும் அந்த இடத்திலிருந்து உடனே அப்புறப்படுத்துங்கள். எச்சம் பளிச்சென்று பச்சையாக, உடம்பு மெலிந்துகொண்டே வந்தால் ஈயமோ துத்தநாகமோ உள்ளே போயிருக்கலாம். ஆணி, வாஷர், மீன்பிடி ஈயக்குண்டு எதையும் வாத்து விழுங்கிவிடும். அதற்கு எக்ஸ்ரேயும் ரத்தப் பரிசோதனையும் வேண்டும். ஒரு கால் மட்டும், காயமே இல்லாமல் நாளுக்கு நாள் துவண்டால் சிறுநீரகமோ கட்டியோ நரம்பை அழுத்துகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

11. திரும்பக் கூட்டத்தோடு விடுவது

நொண்டல் நின்ற அன்றே விட்டுவிடாதீர்கள். இரண்டு மூன்று நாள் கூடுதலாக வைத்து, முதலில் அரை மணி நேரம், சமதரையில், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது விடுங்கள். அன்று மாலை நடையில் மறுபடி தயக்கம் தெரிந்தால் இன்னும் இரண்டு நாள் கூண்டு.

விடுவதற்கு முன் இடத்தைச் சரிசெய்யுங்கள். குதித்து இறங்கும் மேட்டுக்குச் சாய்வுப் பலகை, தண்ணீர்த் தொட்டியைச் சுற்றியுள்ள கூரான கற்களுக்குப் பதில் ரப்பர் விரிப்பு, கூண்டில் உலர்ந்த படுக்கை. ஆண் வாத்துகள் அதிகமென்றால் பிரித்து வையுங்கள். ஓர் ஆணுக்கு நாலைந்து பெட்டையாவது இருக்க வேண்டும். அப்புறம் வாரம் ஒரு முறை, எல்லா வாத்துகளின் பாதத்தையும் கழுவித் திருப்பிப் பாருங்கள். ஒரு வாத்துக்கு இரண்டு நிமிடம் ஆகும்.